பதினாலாம் வீட்டுச் சுண்டுவிரல்

கிடாரில் ஒரே ஒரு இடத்தில் விடாமல் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தால் என் அக்கா காலம் முழுக்க எங்கள் வீட்டிலேயே இருப்பாள் என்று நம்பியவன் நான். அப்போது வயது பத்து. புத்தி அதைவிட இரண்டு மூன்று குறைவு.

நமக்கெல்லாம் ஐம்பது ஆகிவிட்டது. சந்தித்துக்கொண்டால் சர்க்கரை எவ்வளவு, முட்டிக்கு எந்தத் தைலம் என்றுதான் பேச்சு. நடுவில் இதையும் கேட்டு வையுங்கள். என்னை உங்களுக்குத் தெரியும். எதைக் கண்டாலும் முதலில் வெலவெலத்துப் போய்விட்டு, அப்புறம் வெலவெலத்த கதையைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைப்பவன். இந்தக் கதையில் மட்டும் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், லேபில் வேலை. சிமெண்டை மணலோடு குழைத்து அச்சில் ஊற்றிக் கட்டையாக்குவார்கள். அந்தக் கட்டைகளைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்து, இருபத்தெட்டாம் நாள் எடுத்து மிஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு அழுத்தம் தாங்கி உடைகிறதோ அதுதான் அந்தச் சிமெண்டின் யோக்கியதை. அப்பா உலகத்தில் எதையும் இப்படித்தான் நம்புவார். புதுச் செருப்பு வாங்கினால்கூட, "ஒரு மாசம் போட்டுட்டுச் சொல்றேன்" என்பார். உடைபடாத கட்டைகள் எப்போதாவது வீட்டுக்கு வரும். கட்டில் காலுக்கு நான்கு, கதவு அடிக்காமல் இருக்க ஒன்று.

அக்கா அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் படித்த கான்வென்டில் ஒரு கன்னியாஸ்திரீ கிடார் வாசிப்பார். நோட்டுப் பார்த்து, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வேலை கொடுத்து வாசிக்கிற கிடார். கோயில் பாட்டுக்கு ஜங் ஜங்கென்று வருடுகிற ரகம் வேறு. நாலு வருஷம் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாற்றலாகிப் போகும்போது தன் பழைய கிடாரையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனார். அம்மா பழைய போர்வையைக் கிழித்து அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ. கிடாரின் வயிற்று ஓட்டையில் மூக்கை வைத்தால் சாம்பிராணியும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே நான் அடிக்கடி மூக்கை உள்ளே விட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

அக்காவுக்குத் திருச்சியில் மியூசிக் டீச்சர் படிப்புப் படிக்க ஆசை. அப்பாவிடம் கேட்டாள். அந்தப் பேச்சு நடந்தபோது நான் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து அம்மா சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. உங்களிடம் ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"கிடாரு வாசிச்சு என்னம்மா பண்ணுவ?"

"சொல்லிக் குடுப்பேன்ப்பா. ஸ்கூல்ல வேலை கெடைக்கும்."

"இந்த ஊர்ல யாரு கத்துக்குவா? சுண்ணாம்புக்கல்லு லாரி ஓட்டுறவனா?"

"தம்பிக்குச் சொல்லித் தரேன். நீங்களே பாருங்க."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாராம். "அவனா? சரி. அவனே தேறிட்டான்னா எவன் வேணா தேறுவான். இருபத்தெட்டு நாள் எடுத்துக்க. ஒரு பாடம் முழுசா, தப்பில்லாம வாசிக்கட்டும். திருச்சிக்கு நானே கொண்டுபோய் விடறேன். இல்லன்னா அண்ணன் சொல்ற பெரம்பலூர் எடத்தை முடிச்சிடுவோம்."

அண்ணன் என்றால் எங்கள் பெரியப்பா. திருமானூரில் கரும்பு போடுகிறவர். பெரம்பலூர் இடம் என்பது அங்கே உரக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பையன்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். "அவன்கிட்ட எதுவும் சொல்லக்கூடாது. சாம்பிள் சாம்பிளா இருக்கணும்."

அக்காவும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அவள் காரணம். முந்தின வருஷம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நாலு வரி வரவேற்புரை சொல்ல என்னை மேடையேற்றினார்கள். மைக்கைப் பார்த்ததும் நான் "எல்லோருக்கும்" என்று ஆரம்பித்து, "வணக்கம்" என்பதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். விஷயம் பெரிது என்று தெரிந்தால் இவன் செத்தே போவான் என்று அக்கா நினைத்திருக்கிறாள். நியாயம்தானே?

ஆக வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும், என் விரலில் என்ன தொங்குகிறது என்று. விரலுக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியாது.

கோடை லீவு. காலை எட்டு மணிக்கே ஓட்டு வீடு சூடேறிவிடும். லாரிகள் போகப் போக வாசலில் வெள்ளைப் புழுதி எழும்பி வந்து கிடார் மேல் மாவு சலித்த மாதிரி படியும். அக்கா அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, இடது காலுக்கு அடியில் கதவுக்கு வைத்திருந்த சிமெண்டுக் கட்டையைக் கொண்டுவந்து போடுவாள். இந்த வாத்தியத்துக்கு இடது கால் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். சிமெண்டுக் கட்டையின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏறுவதுதான் அந்தப் பாடத்தில் எனக்கு முதல் வாரம் பிடித்திருந்த ஒரே அம்சம்.

பாடம் ரொம்பச் சின்னது. புத்தகத்தில் அரைப் பக்கம். கோடு போட்டுப் பதினாறு பாகமாகப் பிரித்திருக்கும். அக்கா அதைத் தெரு என்று சொன்னாள்.

"இது ஒரு தெருடா. பதினாறு வூடு. நடுவுல இருக்கிற கோடு செவுரு. ஒவ்வொரு வூட்டுக்கும் போயி நாலு தடவ கதவைத் தட்டணும். மொதல்ல கட்டைவிரலு, அப்புறம் அதுக்கடுத்த மூணும். எந்த வூட்லயும் நிக்கக்கூடாது, எந்த வூட்டையும் தாண்டக்கூடாது."

நான் உடனே எங்கள் தெருவையே அதில் குடியேற்றிவிட்டேன். ஒன்றாம் வீடு எங்கள் வீடு. மூன்றாவது தபால்காரர் வீடு. ஏழாவது முறுக்குப் போடுகிற அம்மா வீடு. கட்டைவிரல் தடித்த தந்தியைத் 'தொம்' என்று தட்டும். பின்னாலேயே அடுத்த மூன்று விரலும் மெல்லிய தந்திகளில் வரிசையாக ஏறும். அக்கா வாசித்தால் ஏதோ யோசித்துக்கொண்டே ஒருத்தர் தனியாக நடந்து போவது மாதிரி இருக்கும். நான் வாசித்தால் அதே ஆள் குடித்துவிட்டு வருவது மாதிரி இருக்கும்.

நகம் ஒரு பெரிய கூத்து. இடது கை நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், வலது கை நகம் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். சோறு எந்தக் கையால் தின்கிறோம் என்பதைக் கிடாரைக் கண்டுபிடித்த ஊர்க்காரர்கள் யோசிக்கவேயில்லை. ரசம் சோற்றைப் பிசைந்தால் பாதி நகத்துக்குள் போய்விடும். அம்மா தினமும் என் கையைப் பிடித்து விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டுவாள். "ஒரு கை கலெக்டர் கை, ஒரு கை கழுகு கை. நல்லா இருக்குடா" என்பாள். நோண்டினாளே தவிர, வெட்டச் சொல்லி ஒரு நாளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு நாளில் பதின்மூன்று வீடு தாண்டிவிட்டேன். நம்பமாட்டீர்கள். விரல்நுனி தடித்து, தட்டினால் 'டொக்' என்றது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "உனக்கு நல்லா வருதுடா கழுதை" என்று என் இரண்டு கன்னத்தையும் இழுத்துக் கிள்ளினாள்.

அந்த வாரம்தான் பரணில் இருந்த பச்சைப் பெட்டி கீழே இறங்கியது. அக்கா அதை வெயிலில் திறந்து வைத்து, உள்ளே தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கக்கா போற?"

"எங்கயும் போகல."

"பெட்டிய எடுத்திருக்க?"

அவள் சிரித்துக்கொண்டே துடைக்கிற துணியால் என் தலையில் அடித்தாள். "அந்தப் பதினாறு வூட்டையும் நீ முழுசா வாசிக்காம நான் எங்கடா போவேன்?"

ஊக்கப்படுத்தத்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் பொறி தட்டியது. முழுசாக வாசிக்காவிட்டால் போகமாட்டாள். அவ்வளவுதானே? இத்தனை சுலபமான ஒரு விஷயத்துக்கா பயந்தோம்?

மறுநாள் பதினாலாம் வீடு ஆரம்பம். அந்தத் தெருவிலேயே கஷ்டமான வீடு அதுதான். இடது கை ஆள்காட்டி விரலை மூன்றாவது தந்தியில் ஊன்றிக்கொண்டு, சுண்டுவிரலை எக்கி இரண்டாவது தந்தியின் மூன்றாம் கட்டத்தில் வைக்க வேண்டும். பத்து வயதுச் சுண்டுவிரலுக்கு அது வேலி தாண்டுகிற மாதிரி. எனக்கு இரண்டாம் நாளே எட்டிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சுண்டுவிரலை இரண்டாவது தந்திக்குப் பதில் முதல் தந்தியில் வைத்தேன். பூனை வாலில் கதவு சாத்தியது போல ஒரு சத்தம் வந்தது.

"அது இல்லடா, அடுத்தது."

"எட்டலக்கா."

தப்பாக வாசிப்பது லேசு என்று நினைக்காதீர்கள். தினம் ஒரு இடத்தில் தப்பினால் அக்காவுக்குச் சந்தேகம் வரும். ஒரே வீட்டில், ஒரே விரலில், ஒரே தப்பு வர வேண்டும். பார்க்கிறவருக்குப் பாவமாக இருக்க வேண்டும். பத்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும், அக்கா குடத்தோடு போவாள். அந்த அரை மணி நேரமும் நான் உட்கார்ந்து தப்பைச் சாதகம் பண்ணினேன். சரியாக வாசிக்கக் கற்றுக்கொண்டதைவிட அதற்குத்தான் அதிகம் உழைத்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஒழுங்காக வேறு எதற்கும் உழைத்ததில்லை. என் முதலாளிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அக்கா சிவப்பு நகப்பூச்சில் அந்தக் கட்டத்தில் ஒரு பொட்டு வைத்தாள். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து என் சுண்டுவிரலை நீவிவிட்டாள். கடைசி இரண்டு வீட்டையும் முடித்துவிட்டு, அந்த ஒரு வீட்டை மட்டும் தனியாக முப்பது தடவை வாசிக்கச் சொன்னாள். முப்பது தடவையும் பூனை கத்தியது. அவள் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நான் பயந்து சரியாக வாசித்துத் தொலைத்திருப்பேன்.

இருபதாம் நாள் வாக்கில் ஒரு சறுக்கல். தண்ணீருக்குப் போன அக்கா திரும்ப நேரமாகும் என்று நினைத்து, ஆசைக்கு ஒரே ஒரு தடவை முழுத் தெருவையும் சரியாக நடந்து பார்த்தேன். பதினாறாம் வீட்டுக் கடைசித் தட்டல் அடங்கியதும் வாசலில் 'டங்' என்று குடம் இறங்குகிற சத்தம். அக்கா இடுப்பெல்லாம் நனைந்து நிற்கிறாள். முகம் அப்படியே மலர்ந்திருக்கிறது.

"வாசிச்சிட்டடா! மறுபடி வாசி. அதே மாதிரி வாசி."

வாசித்தேன். பூனை.

அவள் ஈரத்தோடு என் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அகப்பட்டோம் என்று நான் சுண்டுவிரலைக் கிடாருக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். அவள் சொன்னாள்: "நான் பக்கத்துல இருந்தா ஒனக்குப் பயம் வருது. அதான். தனியா வுட்டா வாசிக்கிற."

இப்படி ஒருத்தியை ஏமாற்றியிருக்கிறேன். அதுவும் இந்தக் கலெக்டர் கையை வைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து எனக்குக் கிலி. இன்னொரு தடவை கை தன்னை மறந்து சரியாக வாசித்துவிட்டால்? ஆகவே சரியானதை ஒரு தடவைகூடத் தொடவில்லை. தப்பை மட்டுமே வாசித்தேன். மெதுவாக, வேகமாக, கண்ணை மூடிக்கொண்டு.

இருபத்தைந்தாம் நாள் அம்மா எங்களை ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். எதற்கு என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும்தான்" என்றாள். வெளியே கடைகளில் தகட்டில் வெட்டின கண், கால், கை உருவங்கள் தொங்கும். நமக்கு எந்த உறுப்பில் நோவோ அதை வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைப்போம். அக்கா ஒரு கையை எடுத்தாள். ஐந்து விரலும் விரிந்த சின்னக் கை. அதன் சுண்டுவிரலைத் தன் விரல்களால் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். பீடத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, கண்ணை மூடி, வாய் அசைய வேண்டிக்கொண்டாள்.

பக்கத்தில் எனக்கு வேறு கவலை. நோவே இல்லாத விரலுக்குத் தகடு வைத்தால் மாதா என்ன செய்வாள்? விரலை எடுத்துக்கொள்வாளா, இல்லை நோவைக் கொடுப்பாளா? திரும்பி வருகிற வழியில் திருமானூர் தாண்டும் வரை சுண்டுவிரலை இன்னொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். உதிர்ந்தால் பஸ்ஸுக்குள்ளேயே விழட்டும், எடுத்துக்கொள்ளலாம் என்று. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வலிக்குதாடா?" என்று கேட்டு விரலை வாயால் ஊதினாள்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தோம். பெரியப்பா ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்திருந்தார். அப்பா சுத்தமான வேட்டி கட்டிக்கொண்டு, கூடத்தில் இரண்டு நாற்காலியைச் சுவரோரம் போட்டார். எதிரில் என் நாற்காலி, கட்டை. அக்கா கிடாரைச் சுருதி சேர்த்து வைத்துவிட்டு, "நான் கொல்லப்பக்கம் போறேன். நீ பயமில்லாம வாசி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்த் தலையில் எண்ணெய் வைத்தாள். அப்பா சொன்னதை இருபத்தெட்டு நாள் காப்பாற்றியவள் கடைசி அஞ்சு நிமிஷத்தில் உடைந்துவிட்டாள்.

"ஒழுங்கா வாசிச்சுடு சாமி. நீ வாசிச்சாத்தான் ஒங்கப்பா அக்காவ திருச்சிக்குப் படிக்க அனுப்புவாரு. இல்லன்னா பெரம்பலூருக்குக் கட்டிக் குடுத்துடுவாங்க. புரியுதா?"

"எது தூரம்மா?"

"என்னடா கேள்வி? திருச்சிதான் தூரம்."

"அப்ப பெரம்பலூரே நல்லது இல்ல?"

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "படிக்கப் போனா சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வந்துடுவாடா. கட்டிக் குடுத்துட்டா அவங்க வுட்டாத்தான் வருவா. அவ ராவும் பகலும் அழுதுட்டுக் கெடக்குறாடா. ஒன்கிட்ட காட்டிக்க மாட்டா."

எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போனது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு எதிரில் இருந்த இரண்டு பேரும் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். நாலு பேருக்கு முன்னால் வாசிப்பது போல ஆயிற்று. கால்சட்டைத் துணி வியர்வையில் வழுக்கி, கிடார் மடியிலிருந்து நழுவப் பார்த்தது.

ஒன்றாம் வீடு. இரண்டு. மூன்று. கேளுங்கள், நன்றாகத்தான் வாசித்தேன். ஏழாவது வீடு தாண்டும்போது பெரியப்பா தலையை ஆட்டினார். அப்பா அசையவில்லை. அவர் கண் என் விரலில் இருந்தது, மிஷின் முள்ளைப் பார்க்கிற மாதிரி. பதின்மூன்று. அடுத்தது. இரண்டாவது தந்தி, இரண்டாவது தந்தி என்று மனசுக்குள் கத்திக்கொண்டே சுண்டுவிரலை எக்கினேன்.

அது போய் முதல் தந்தியில் உட்கார்ந்தது.

அப்பா "ம்" என்றார். "லேப்ல மூணு கட்டை ஒடைச்சுப் பாத்துதான் எழுதுவோம். இன்னொரு தடவ வாசி."

இன்னொரு தடவை வாசித்தேன். மெதுவாக. சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். விரல் பொட்டைப் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்த வழியில் அது போயிற்று. பூனை கத்தியது. மாதா தண்டிக்கிறாள் என்று அப்போது நிச்சயமாக நம்பினேன். இப்போது யோசித்தால் மாதாவுக்கு அதில் வேலையே இல்லை. எட்டு நாளாக நான் கைக்கு எதைச் சொல்லிக்கொடுத்தேனோ அதைத்தான் அது செய்தது. நல்ல கை.

மூன்றாவது தடவை பதின்மூன்றாம் வீட்டுக் கடைசித் தட்டலோடு நின்றுவிட்டேன். சுண்டுவிரல் தந்திகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இறக்கப் பயம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு லாரி போய், அதன் புழுதி வந்து, அடங்கியது.

"பாவம், வுடுறா. சின்னப்புள்ள" என்றார் பெரியப்பா. பழத்தாரிலிருந்து ஒன்றைப் பிய்த்து என் பக்கம் நீட்டினார்.

அப்பா கோபப்படவில்லை. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கொல்லைக் கதவைப் பார்த்து, "நிக்கலம்மா" என்றார், கட்டை தாங்காமல் உடைந்தால் சொல்கிற மாதிரி. அவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை என்று குரலில் தெரிந்தது. ஆனால் நசுக்கிப் பார்த்தாயிற்று.

அக்கா உள்ளே வந்தாள். கிடாரை என் மடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்தாள். "தம்பிமேல தப்பில்லப்பா. அவன் தனியா வாசிச்சா நல்லாத்தான் வாசிப்பான். நான்தான் சரியா சொல்லிக்குடுக்கல" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேணும்னே செஞ்சேன்ப்பா, அக்காமேல தப்பில்ல. ஒரு வாக்கியம். "எல்லோருக்கும் வணக்கம்" என்பதைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அப்பா ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுப்பார் என்று பயமாக இருந்தது. விக்கல் வந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

ஆவணியில் பெரம்பலூரில் கல்யாணம் நடந்தது. அக்கா திருச்சிக்குப் போகவில்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவளிடம் நாற்பது வருஷமாகச் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். போன மாசம் பெரம்பலூர் போயிருந்தேன். அவள் மகள் வயிற்றுப் பேத்தி பெருக்கல் வாய்ப்பாட்டில் சந்தேகம் கேட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா நோட்டை வாங்கவேயில்லை. "அம்மாகிட்ட கேளு கண்ணு. அம்மாயிக்குச் சொல்லித்தர வராது" என்றாள்.